முதலில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

என் அக்கா மகனுக்கு நான்கு வயது. போன கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு நாட்களில் நான்கு இடங்களில் காட்டினோம். முதல் மூன்று இடங்களில் மூன்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நான்காவது இடத்தில்தான் ஒருவர் அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்.

இடது அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான், சுற்றிலும் சிவப்பு. பார்ப்பதற்குப் பீடியால் சுட்டதுபோலவே இருந்தது. அக்கா பதறிப்போய், “நான் சுடல டாக்டர். சத்தியமா எங்க வீட்ல யாரும் சுடல” என்றாள். பீடி சுற்றிப் பிழைக்கிற வீடு எங்களுடையது. பிள்ளை உடம்பில் ஒரு தழும்பு இருந்தால் முதல் பழி தன் மீதுதான் விழும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இளம் மருத்துவர், “இது சுட்ட காயம் இல்லம்மா, பூச்சி கடிச்சது. இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

உண்ணிக் காய்ச்சல். மருத்துவத்தில் ஸ்கிரப் டைஃபஸ் என்பார்கள். புதர், புல், வரப்பு, விறகுக் காடு ஆகிய இடங்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு உண்ணி கடிப்பதால் உடம்புக்குள் போகும் பாக்டீரியாவால் வருவது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை ஒட்டி வரும் குளிர் மாதங்களிலும் அதிகம் காணப்படுகிறது. தென்காசியும் குற்றாலமும் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஆட்டுக்குப் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போகிறவர்கள், அருவிக் கரையின் புதர்களில் சுற்றுலாப் பயணிகள் வீசிவிட்டுப் போன குப்பையை அள்ளுகிறவர்கள், அவர்கள் பின்னால் ஓடுகிற பிள்ளைகள் ஆகியோரை இந்த உண்ணி எளிதில் அடைகிறது. அவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர்கள் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான மருந்து கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அது ஒன்றும் அரிய மருந்து இல்லை. டாக்ஸிசைக்ளின், பல பத்தாண்டுகளாக இருக்கும் மலிவான மருந்து. அப்படியென்றால் முந்தைய ஏழு நாட்கள் எங்கே போயின என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று பாட்டில்கள்

முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலின் பொடி சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு செஃபிக்சிம் எழுதினார்கள். ஐந்தாம் நாள் வேறொரு கிளினிக்கில், “அது கேக்கல, இது பவர் ஜாஸ்தி” என்று மூன்றாவது பாட்டிலை எழுதினார்கள். அது அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்தது.

இந்த மூன்றும் ஒரே பெருங்குடும்பத்து மருந்துகள். பாக்டீரியாவின் வெளிச்சுவரை உடைத்துக் கொல்பவை. நிமோனியா போன்ற பல நோய்களில் உயிர் காப்பவை. ஆனால் உண்ணிக் காய்ச்சலின் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது. அதனிடம் இந்தக் குடும்பத்தின் எந்த மருந்தும் வேலை செய்யாது, எத்தனை ‘பவர்’ ஏற்றினாலும் சரி. ஆன்டிபயாடிக்கில் வலிமையானது, வலிமை குறைந்தது என்ற பேச்சே பெரும்பாலும் பொய். எந்தக் கிருமிக்கு எது என்பதுதான் கணக்கு. கிருமி எது என்று ஊகிக்க வேண்டுமானால் குழந்தையைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், தாயிடம் கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான் முதல் மருந்து. ரத்தம் கலந்து போனால் கதை வேறு. இருமலோடு காய்ச்சல் இருக்கும் குழந்தைக்கு நிமோனியாவா என்று கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் வழிக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம், மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது?

தொடாமல் எழுதப்படும் சீட்டு

அண்ணல் அம்பேத்கர் தன் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியானது. கத்தியவாரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒரு தலித் எழுதியது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. மூச்சு வாங்குகிறது, விலா வலிக்கிறது. மருத்துவர் அவர்களுடைய குடியிருப்புக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பேசிய பிறகு, நோயாளியை வெளியே தூக்கி வந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வரிசையில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, இது நிமோனியா என்கிறார் மருத்துவர். மருந்து வருகிறது. மறுபடி பார்க்க அவர் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இந்தக் கதையில் நாம் வழக்கமாகக் கவனிப்பது அந்தத் தெர்மாமீட்டரின் பயணத்தை. நான் இப்போது கவனிப்பது வேறொன்றை. அந்த மருத்துவர் மருந்து கொடுக்க மறுக்கவில்லை. மருந்து கொடுத்தார். தொடத்தான் மறுத்தார். தீண்டாமையும் மருந்தும் ஒரே கையிலிருந்து வர முடியும்.

80 ஆண்டுகள் கழித்து, சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார். மருந்தைக் கையில் தராமல் வைப்பது, தொட்டுப் பரிசோதிக்காமல் விடுவது, மற்றவர்களைவிடக் குறைவான நேரம் ஒதுக்குவது என்று அந்தக் குழந்தைகள் சொன்னவற்றில் கத்தியவாரின் அந்த மருத்துவர் அப்படியே இருக்கிறார்.

தமிழ்நாட்டில் நிலைமை அப்படியே இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளையைப் பார்த்த மூன்று பேரும் சாதி பார்த்துத்தான் தொடாமல் விட்டார்கள் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. கூட்டம் இருந்தது. அவர்களுக்கு நேரமில்லை. ஆனால் ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதும்போது, “எந்த ஊர்?” என்று கேட்டார்கள். அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னாள். “ஊரா, காலனியா?” என்று அடுத்த கேள்வி வந்தது. காய்ச்சலுக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தில் நீக்கியது வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

நேரமில்லாத மருத்துவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பரிசோதனைக்குப் பதிலாக ஆன்டிபயாடிக் எழுதுகிறார். எதுவாக இருந்தாலும் கேட்கட்டும் என்று எழுதுகிறார். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கக்கூடியவராக இருந்தால் ஸ்டெதஸ்கோப் வெளியே வருகிறது, தொண்டையில் டார்ச் அடிக்கப்படுகிறது. கேள்வி கேட்க மாட்டார் என்று தெரிந்தால் பேனா மட்டும் போதும். நேரமின்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கிடப்படுவதில்லை. சாதி இன்று மருத்துவ அறைக்குள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கதவை அடைப்பதில்லை, நிமிடங்களைக் குறைக்கிறது.

1981 பிப்ரவரியில் இதே வட்டாரத்தின் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. தொடத் தகுந்த மனிதர்களாக நடத்தப்பட வேண்டும் என்பதுதான் அந்த முடிவின் அடியில் இருந்த கோரிக்கை. டீக்கடை டம்ளரில் நாம் தேடிய தீண்டாமையை இனி பரிசோதனை மேசையிலும் தேட வேண்டும்.

“கோர்ஸை முடிக்கல”

நான்காவது இடத்தில் பழைய சீட்டுகளைப் பார்த்த ஒரு செவிலியர் அக்காவைத் திட்டினார். “ஒரு மருந்தையும் முழுசாக் குடுக்கல. உங்களாலதான் எந்த மருந்தும் வேலை செய்யாமப் போகுது.”

ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி பயன்படுத்தினால் கிருமிகள் எதிர்ப்புத் திறன் பெறுகின்றன என்பது உண்மைதான். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் இதை எச்சரித்தார். 2010இல் உலகை அதிரவைத்த என்.டி.எம்-1 எதிர்ப்பு மரபணு பற்றிய லான்செட் ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2019இல் மருந்து எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் உலக அளவில் 12.7 லட்சம் என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

எதிர்ப்பு உண்மை. ஆனால் அதற்கான பழியைச் சுமக்க வேண்டியவள் என் அக்காவா? மூன்று தவறான மருந்துகளையும் எழுதியது அவள் இல்லை. இந்தியாவில் தனியார் சந்தையில் அதிகம் விற்கும் ஆன்டிபயாடிக்குகளின் வரிசையில் முன்னால் நிற்பவை அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் என்று 2019ஆம் ஆண்டின் விற்பனைத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். இரண்டும் உலக சுகாதார நிறுவனம் ‘கண்காணித்துப் பயன்படுத்துக’ என்று தனியாக வைத்திருக்கும் பட்டியலில் உள்ளவை. அதில் அசித்ரோமைசின் உண்ணிக் காய்ச்சலைக் கேட்கும் மருந்தும்கூட. சாதாரண சளிக்கெல்லாம் அதை வாரி இறைக்கிறோம். தேவைப்பட்ட குழந்தைக்கு ஏழு நாள் வரை யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் கிடைக்காமல் சாகும் குழந்தைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தால், நிமோனியாவில் இறக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு சுமார் 4.45 லட்சம் பேரைக் காப்பாற்றலாம் என்று 2016இல் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. தேவையில்லாமல் கிடைப்பதும் தேவைக்குக் கிடைக்காததும் எதிரெதிர் பிரச்சினைகள்போலத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே குழந்தைக்கு நடந்தன.

பாட்டிலில் எழுதாதவை

அக்கா ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை? நான் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

முதல் பாட்டிலில், “ஒரு ஸ்பூன் மூணு வேளை” என்றார்கள். எந்த ஸ்பூன்? வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மருந்தளவு என்பது மில்லி கணக்கு, பாட்டிலோடு வரும் மூடியிலோ அளவுக் குவளையிலோ சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். அமாக்சிசிலின் சிரப்பே 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பெயர் ஒன்று, அளவு வேறு. லேபிள் முழுக்க ஆங்கிலம்.

குழந்தைக்கு மருந்தளவு வயதைப் பார்த்துச் சொல்வதல்ல, எடையைப் பார்த்துச் சொல்வது. நான்கு வயதில் 12 கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு, 18 கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு. அது எந்தத் தெருவில் எந்தச் சோற்றில் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. மூன்று இடங்களில் ஒன்றில்கூட அவனை எடை போடவில்லை. ஆனால் எங்கள் அங்கன்வாடியில் எடை மெஷின் இருக்கிறது. மாதாமாதம் எடை எழுதுகிறார்கள். அந்த எண் மருந்துச் சீட்டு வரை வந்து சேரவில்லை.

பொடி சிரப்பைக் கலக்கக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வேண்டும். பொடியை உதிர்த்துவிட்டு, பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும். தண்ணீர் கூடினால் மருந்து நீர்த்துப்போகும், குறைந்தால் அளவு மிஞ்சும். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது மருந்தைக் கலந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அக்கா பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி மண்பானை பக்கத்தில் வைத்திருந்தாள். அதை எழுதியவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் தன் வீட்டில் இருப்பது இருக்கும் என்ற நம்பிக்கை ஒரு தனிச் சலுகை.

மிச்ச மருந்தை ஏன் வைத்திருந்தாய் என்றேன். “சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தா ஆகுமேட்டி. திரும்ப டாக்டர்ட்ட போனா ஒரு நாள் பீடி போச்சுல்லா” என்றாள். கலந்த சிரப்பின் ஆயுள் சில நாட்கள்தான், அமாக்சிசிலினுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இதை நான் சொன்னேன். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளின் கணக்கை வெறும் விழிப்புணர்வுச் சுவரொட்டியால் மாற்ற முடியாது.

கடையைப் பூட்டினால் போதுமா?

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுத்தால் போதும் என்பார்கள். 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம் போன்ற மருந்துகளைச் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு ஏறினால் கேரளம். அங்கே 2018இலேயே மாநில அளவில் செயல்திட்டம் போட்டார்கள். 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் சோதனையும் தொடங்கினார்கள். நல்லது, தமிழ்நாடும் செய்ய வேண்டும்.

ஆனால் எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு, படித்த கையால் எழுதிய சீட்டில் வந்தவை. மெடிக்கல் ஷாப் எங்கள் தெருவுக்கு ஏன் முதல் மருத்துவமனையாக இருக்கிறது? அது இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. வரிசை இல்லை. கடைக்கார அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மருத்துவரைத் திறக்காமல் கடையை மட்டும் பூட்டினால் ஏழைக் குழந்தைக்கு இரண்டு கதவும் அடைபடும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. மோசமானால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்குத்தான் ஓட வேண்டும். 1995இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு இலவச மருந்து வந்துகொண்டிருக்கிறது. மருந்து இல்லை என்பதல்ல நம் பிரச்சினை. மருந்துக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்தக் கையும் அந்த ஒரு நிமிடமும் இல்லை என்பதுதான்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை சிறியவை, ஆனால் திட்டவட்டமானவை. குழந்தையின் எடை எழுதாத மருந்துச் சீட்டு இருக்கக் கூடாது. மருந்தின் பெயர், மில்லி அளவு, எத்தனை நாள் என்பவை தமிழில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு, தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரைகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியருக்கு மூச்சு எண்ணும் பயிற்சி இருந்தால் மட்டும் போதாது, எண்ணுவதற்கான நேரமும் தரப்பட வேண்டும். மலையடிவார மாவட்டங்களில் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை வழக்கமாக வேண்டும். எல்லோருக்கும் கறுப்புப் பொருக்கு வராது என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் பல்லில் கறை ஏற்படுத்தும் என்ற பழைய அச்சமும் மாற வேண்டும். குறுகிய நாட்களுக்குத் தரலாம் என்றே இன்றைய குழந்தைநல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

வாசிக்கும் தோழர்கள் பலருக்கும் வீட்டில் ஒரு தம்பி பிள்ளையோ அக்கா பிள்ளையோ இருக்கும். குடும்பத்தில் முதலில் படித்தவர் நீங்கள்தான் என்றால், மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். முன்பு எந்த மருந்தாவது தடிப்போ முக வீக்கமோ மூச்சுத் திணறலோ தந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இது எதற்கான மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள், எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் கேள்விக்கு உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத பதில் கிடைக்கலாம். அது கிடைக்கும்போது ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

அண்ணலின் ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் நிமோனியாவில் போனான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். அன்று உலகத்தில் யாரிடமும் மருந்து இல்லை. இன்று எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கிறது.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். அக்கா வழியிலேயே அங்கன்வாடியில் அவள் எடையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். மருத்துவர் பேனாவை எடுப்பதற்குள் பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டு, “மூச்ச எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க” என்றாள். அவர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். சாதாரணச் சளிதான். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.